செமாராங் துறைமுகத்தில் ஒன்பது மணி நேரம்: போரோபுதூருக்குப் போவதா, நகரத்திலேயே இருப்பதா?

கரைவழி

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் கடைசி வாரத்தில் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சுற்றுலாக் கப்பலில் குடும்பத்துடன் செல்லவிருக்கிறோம். மூன்றாம் நாள் காலை 8 மணிக்குக் கப்பல் நடு ஜாவா மாநிலத்தின் தலைநகரான செமாராங்கை, அதாவது தஞ்சுங் எமாஸ் துறைமுகத்தை, அடைகிறது. மாலை 5 மணிக்குள் எல்லோரும் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும்.

நாங்கள் ஐந்து பேர். அப்பாவுக்கு வயது 72. முழங்கால் வலி உண்டு, ஆனால் நிதானமாக ஒரு கிலோமீட்டர் வரை நடப்பார். அம்மாவுக்கு 67; முட்டை கூடச் சேர்க்காத சைவம். என் மனைவி, பதினொரு வயது மகள், நான். எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு; பெற்றோர் இருவருக்கும் இந்தியக் கடவுச்சீட்டு.

செமாராங் என்ற பெயரைக் கேட்டவுடன் எல்லோரும் போரோபுதூர் பௌத்தத் தூபியைத்தான் சொல்கிறார்கள். கப்பல் நிறுவனமே அதற்கு ஒரு நாள் சுற்றுலா வைத்திருக்கிறது. ஐந்து பேருக்கு அதன் கட்டணம் மிக அதிகம். தனியாக ஒரு வண்டி அமர்த்திக்கொண்டு போய்வர முடியுமா, அல்லது நகரத்திலேயே பார்க்கத் தகுந்தவை இருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அப்பா இந்தோனேசியாவுக்கு வருவது இதுவே முதல்முறை. இன்னொரு முறை வருவாரா என்று சொல்ல முடியாது. ஆகவே இந்த ஒரு நாளை வீணாக்கிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

நெடும்பயணி

நண்பரே, தயங்காமல் போரோபுதூருக்குப் போய்விடுங்கள். சைலேந்திர மன்னர்கள் ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய அந்தத் தூபியில் 504 புத்தர் சிலைகளும், கதை சொல்லும் 1460 புடைப்புச் சிற்பப் பலகைகளும் உள்ளன. கீழ்த்தளங்களின் சுவர்களில் மாந்தரின் வாழ்வும் புத்தரின் பிறவிக் கதைகளும் நெருக்கமாகச் செதுக்கப்பட்டிருக்க, மேலே ஏற ஏறச் சிற்பங்கள் குறைந்து, உச்சியில் துளைகளிட்ட 72 சிறு தூபிகளும் திறந்த வானமும் மட்டுமே எஞ்சும். அந்த மாற்றத்தை நடந்தே உணர வேண்டும்; புகைப்படத்தில் அது வராது. இவ்வளவு அருகில் போய்விட்டு அதைப் பார்க்காமல் திரும்பினால், பின்னாளில் நீங்கள் வருந்துவீர்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

செமாராங்கிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர். நான் சென்றபோது போவதற்கு இரண்டே கால் மணி நேரம் ஆனது. மேல்தளங்களுக்கு ஏறுவதற்குத் தனி டிக்கெட் வேண்டும். ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலானவர்களை மட்டுமே அனுமதிக்கிறார்கள் என்பதால் முன்பதிவு அவசியம். கல்படிகள் தேயாமல் இருக்க ‘உபானத்’ என்ற தட்டையான காலணியைக் கொடுத்து, வழிகாட்டியுடன் குழுவாக மேலே அனுப்புவார்கள்.

துறைமுகவாசி

நான் சரக்குக் கப்பலில் பொறியாளராகப் பணிபுரிகிறேன். தஞ்சுங் எமாஸுக்குப் பல முறை வந்திருக்கிறேன். நெடும்பயணி அண்ணா சொன்ன தூரமும் நேரமும் சரியே. ஆனால் அவர் செமாராங்கில் ஓட்டலில் தங்கி, விடியற்காலையில் கிளம்பியிருப்பார் என்று நினைக்கிறேன். கப்பலில் வருபவருக்குக் கணக்கே வேறு.

கப்பல் 8 மணிக்கு ‘அடைகிறது’ என்றால் 8 மணிக்கு நீங்கள் இறங்கிவிடுவீர்கள் என்று பொருளில்லை. கயிறு கட்டி, படி இறக்கி, குடிநுழைவு அதிகாரிகள் ஏறி, அனுமதி தந்து முடிய 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். பிறகு துறைமுக வாயில் வரை கப்பலின் சிற்றுந்தில் வர வேண்டும். ஆக, 9.15-க்கு வண்டியில் ஏறினால் நல்ல வேகம். மாலை 5 மணி என்பதை நான்கரை என்றே கொள்ளுங்கள். மிஞ்சுவது ஏழேகால் மணி நேரம். அதில் போக்குவரத்துக்கே ஐந்து மணி நேரம் போய்விடும்.

சாலையையும் சொல்கிறேன். பாவென் வரைக்கும் சுங்கச்சாலை; அருமையாக இருக்கும். அதற்கப்பால் மகெலாங் வரை மலையோரமாக வளைந்து செல்லும் சாதாரணச் சாலை. அதில் லாரிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும். ஒரு லாரி பழுதாகி நின்றுவிட்டால் முக்கால் மணி நேரம் அங்கேயே கழியும். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போனவர்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் கரையில் நின்றுகொண்டிருக்க, அவர்கள் வந்த கப்பல் நகர்ந்து போனதை என் கண்ணால் கண்டேன். அந்தப் பெரியவர்கள் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு செய்திகள். முதலாவது, ஜாவாவின் நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பலில் எந்த நேரத்தைக் கடைப்பிடிக்கிறார்கள், அறிவித்த 8 மணியும் 5 மணியும் எந்த நேரப்படி என்பதை முதல் நாளே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கைபேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. இரண்டாவது, துறைமுகப் பகுதியில் கடல்நீர் தெருவுக்கு ஏறி வருவது வழக்கம். அதை அங்கே ‘ரோப்’ என்பார்கள். மழையே இல்லாத நாளில் கூட வரும். 2022 மே 23 அன்று துறைமுகத் தொழிற்பேட்டையின் தடுப்புச் சுவர் உடைந்து, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இடுப்பளவு நீரில் வெளியேறினார்கள். அந்தப் பகுதி நிலமே அமிழ்ந்துகொண்டிருக்கிறது. ஆற்று வண்டல் படிந்து உருவான இளம் மண் அது. அதன் அடியிலிருந்து ஆழ்துளைக் கிணறுகளால் நீரை உறிஞ்சுவதால், சில இடங்கள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை இறங்குகின்றன. ஆகவே அப்பாவுக்கு நனைந்தாலும் வழுக்காத செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

நெடும்பயணி

தாங்கள் ஊகித்தது சரி. நான் இரண்டு இரவுகள் தங்கி, காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். துறைமுகத்திலிருந்து இறங்கும் நேரத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை. இருந்தாலும், கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவிலேயே போனால் அந்த அச்சம் இல்லை அல்லவா? செலவு அதிகமே, ஆனால் வாழ்நாளில் ஒருமுறை என்று வரும்போது செலவை இரண்டாவதாக வைக்கலாம் என்பது என் கருத்து.

தூங்கானை

கோயில் கட்டடக் கலையில் ஈடுபாடுள்ளவன் என்ற முறையில் ஒரு மாற்று யோசனை. போரோபுதூரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து மணி நேரம் வண்டியில் அமர்ந்து, ஒன்றரை மணி நேரம் கூட்டத்தோடு ஓடி ஓடிப் பார்ப்பது அந்த இடத்துக்கும் நீதியாகாது, பார்ப்பவருக்கும் நீதியாகாது. அதற்கு அருகிலுள்ள ஜோக்ஜகார்த்தா நகரில் தங்கி ஒரு முழு நாளைக் கொடுக்க வேண்டும்.

செமாராங்குக்குத் தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில், உங்காரான் மலைச் சரிவில், கெடோங் சோங்கோ என்ற கோயில் தொகுதி இருக்கிறது. ஜாவா மொழியில் ‘ஒன்பது கட்டடங்கள்’ என்று பொருள். கடல்மட்டத்திலிருந்து 1200 மீட்டர் உயரத்தில், மேகம் தவழும் புல்வெளியில் சிறு சிறு சிவாலயங்கள். ஜாவாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் அவையும் அடங்கும். அங்குள்ள கோயில்களில் ஒன்றின் சுவர் மாடங்களில் துர்க்கை, கணபதி, அகத்தியர் ஆகிய மூவரையும் காணலாம். தமிழுக்கு இலக்கணம் தந்தவர் என்று நாம் போற்றும் அதே அகத்தியர், தாடியும் கமண்டலமுமாக ஜாவாவின் சிவாலயங்களில் தென்புற மாடத்தில் நிலையான இடம் பெற்றவர். நம் கோயில்களில் தென்புறக் கோட்டத்தில் தட்சிணாமூர்த்தி இருப்பார்; அங்கே அந்த ஆசிரியர் இடத்தில் அகத்தியர் இருக்கிறார். இதை நேரில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் மறக்க முடியவில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். முதல் கோயில் மட்டுமே வாயிலுக்கு அருகில் உள்ளது. மற்றவற்றுக்கு ஏற்றப் பாதையில் நடக்க வேண்டும், அல்லது குதிரையில் போக வேண்டும். தங்கள் தந்தையின் முழங்காலுக்கு இது ஒத்துவருமா என்று தாங்களே முடிவு செய்யுங்கள்.

நகரத்திலேயே இருப்பதாக முடிவெடுத்தால், சாம் போ கோங்கைத் தவறவிடாதீர்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ இங்கு இறங்கியதாகவும், நோயுற்ற தம் துணைத் தலைவரை ஒரு குகையில் தங்கவைத்ததாகவும் மரபு. அந்தக் குகையைச் சுற்றி எழுந்ததுதான் இந்தக் கோயில். செங் ஹோ ஒரு முஸ்லிம். வழிபடுபவர்களில் பெரும்பாலோர் சீனர். வந்து பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஜாவா முஸ்லிம்கள். இதே செங் ஹோதான் 1409-ஆம் ஆண்டு நாளிட்ட கல்வெட்டு ஒன்றை இலங்கையின் காலி நகரில் நிறுவியவர். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்ட அந்தக் கல் இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் தமிழ்ப் பகுதி தென்னாவரத்துப் பெருமாளுக்கு அளித்த காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. தமிழில் கல்வெட்டு எழுதவைத்த ஒருவரின் நினைவிடம் என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள். அவள் வேறு விதமாகப் பார்ப்பாள்.

செம்பருத்தி

வணக்கம். என் கணவர் ஆடைத் தொழிற்சாலையில் பணிபுரிந்ததால் உங்காரான் ஊரில் மூன்று ஆண்டுகள் குடியிருந்தோம். வீட்டுக்கு யார் வந்தாலும் ‘போரோபுதூருக்கு எப்போது கூட்டிப் போவீர்கள்’ என்றுதான் கேட்பார்கள். செமாராங் நகரம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. எனக்கு அது ஒரு மனக்குறை. அதனால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

துறைமுகத்திலிருந்து பத்து நிமிடத்தில் கோத்தா லாமா என்னும் பழைய நகரம் வந்துவிடும். டச்சுக்காரர்கள் கட்டிய வங்கிகள், கிடங்குகள், காப்பீட்டு அலுவலகங்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. நான் முதன்முதலில் பார்த்தபோது பாதிக் கட்டடங்களின் கூரை வழியே ஆலமரம் வளர்ந்திருந்தது. பின்னர் தெருக்களைச் செப்பனிட்டு, நடைபாதைகளை அகலப்படுத்தி, அமர்வதற்கு இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். நடுவில் 1753-இல் தொடங்கிய புரோட்டஸ்டன்ட் தேவாலயம் இருக்கிறது. செம்பு வேய்ந்த அதன் குவிமாடம் பானையைக் கவிழ்த்தது போல் உப்பியிருப்பதால், மக்கள் அதை ‘பிளெண்டுக்’ என்பார்கள். ஜாவா மொழியில் ‘உப்பியது’ என்று பொருள். அதை ஒட்டிய சிறு பூங்காவில் நிழல் உண்டு. பெரியவர்கள் அங்கே உட்கார்ந்திருக்க, நீங்கள் தெருக்களைச் சுற்றி வரலாம். தரை சமதளம், முழங்காலுக்குத் தொல்லை இல்லை.

அங்கிருந்து தெற்கே சற்றுத் தொலைவில் சீனர் தெருக்கள். காங் லொம்போக் சந்தில் 1746-இல் நிறுவப்பட்ட தாய் காக் சீ கோயிலும், அதன் பக்கத்திலேயே புகழ்பெற்ற லும்பியா கடையும் இருக்கின்றன. மூங்கில் குருத்தைப் பூரணமாக வைத்துச் சுருட்டிய பலகாரம் அது. அம்மாவுக்குத் தர வேண்டாம். உள்ளே இறாலும் கோழியும் முட்டையும் இருக்கும். அதற்கு அடுத்த பகுதி பெகோஜான். குஜராத்திலிருந்து வந்த வணிகர்கள் குடியேறிய இடம். அங்குள்ள பழைய பள்ளிவாசலில், நோன்பு மாதத்தில் தேங்காய்ப்பாலும் மசாலாப் பொருள்களும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியை மாலைதோறும் அனைவருக்கும் வழங்குவார்கள். அதற்கு ‘புபுர் இந்தியா’, அதாவது இந்தியக் கஞ்சி, என்றே பெயர். நம் ஊர்ப் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை உண்டு வளர்ந்தவள் நான். முதல் முறை அதை வாயில் வைத்தபோது கண் கலங்கிவிட்டது. நீங்கள் போவது நோன்பு மாதம் அல்ல. தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

அம்மாவின் உணவில்தான் மிகுந்த கவனம் தேவை. காய்கறி மட்டுமே உள்ளது போலத் தோன்றும் காடோ காடோவிலும், ‘சம்பல்’ என்னும் மிளகாய்த் துவையலிலும் ‘தெராசி’ என்ற இறால் விழுது சேர்ப்பார்கள். ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால், இறைச்சித் துண்டு இல்லை என்று புரிந்துகொண்டு கோழிச் சாற்றில் சமைத்ததைக் கொடுத்துவிடுவார்கள். ‘தன்பா டாகிங், தன்பா இக்கான், தன்பா தெலுர், தன்பா தெராசி’ என்று எழுதிக் காட்டுங்கள். இறைச்சி, மீன், முட்டை, இறால் விழுது எதுவும் வேண்டாம் என்று பொருள். சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயின் பொரியல், டோஃபு, வெறும் சோறு, பப்பாளி, இளநீர் எங்கும் கிடைக்கும். சீனப் பௌத்தர்கள் நடத்தும் சைவ உணவகங்களும் நகரில் உண்டு. ஆனாலும் கப்பலிலிருந்து ஒரு வேளைக்குத் தேவையான ரொட்டியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. பசியோடு பெரியவர்களை அலையவிடக் கூடாது.

ஒன்று கேட்கலாமா? இத்தனை பேரும் எங்கே போகலாம் என்று சொல்லிவிட்டோம். உங்கள் அப்பா என்ன விரும்புகிறார்? அவர் என்ன வேலை பார்த்தார்?

கரைவழி

சகோதரி, உங்கள் கேள்வியைப் படித்த பிறகுதான் நான் அப்பாவிடம் இதைப் பற்றிப் பேசவே இல்லை என்பதை உணர்ந்தேன். நேற்றிரவு சென்னைக்கு அழைத்துக் கேட்டேன். ‘உங்களுக்கு எது வசதியோ அங்கே போகலாம்’ என்றார். வற்புறுத்திக் கேட்டபோது, ‘அந்த ஊரில் ரயில் உண்டா?’ என்றார்.

அப்பா தெற்கு ரயில்வேயில் 34 ஆண்டுகள் பணியாற்றி, நிலைய அதிகாரியாக ஓய்வு பெற்றவர். பிறந்து வளர்ந்தது இராயபுரத்தில். இடையில் ஐந்து ஆண்டுகள் மேட்டுப்பாளையத்தில் இருந்தார். நான் பள்ளியில் சேர்ந்தது அங்கேதான். செமாராங்கில் ரயில் சார்ந்து ஏதேனும் பார்க்க இருக்கிறதா?

மீட்டர்பாதை

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்; இந்தக் கேள்விக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஐயா, இந்தோனேசியாவின் ரயில் பிறந்த ஊரே செமாராங்தான்.

1864 ஜூன் 17 அன்று, செமாராங்கின் கெமிஜென் என்ற இடத்தில் டச்சு ஆளுநர் முதல் மண்ணை வெட்டிப் பணியைத் தொடங்கிவைத்தார். 1867 ஆகஸ்ட் 10 அன்று அங்கிருந்து தங்குங் வரை 25 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது. நம் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் வண்டி புறப்பட்டது 1856 ஜூலை 1. இரண்டுக்கும் இடையே பதினோரு ஆண்டுகளே. இரண்டும் துறைமுகத்தின் அருகே தொடங்கி, உள்நாட்டை நோக்கிப் போன பாதைகள். சர்க்கரையையும் புகையிலையையும் கடலுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அங்கே முதல் நோக்கம். இராயபுரத்து நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கெமிஜெனின் முதல் நிலையம் கடல்நீர் ஏறும் தாழ்நிலத்தில் மறைந்துபோயிற்று. இன்று இயங்கும் தாவாங் நிலையம் 1914-இல் திறக்கப்பட்டது. கோத்தா லாமாவின் வடக்கு எல்லையிலேயே, வெள்ளநீரைத் தேக்கும் ஒரு குளத்தை முன்னால் வைத்துக்கொண்டு நிற்கிறது. வண்டி வரும்போது ஊரின் பழைய பாட்டு ஒன்றின் மெட்டை ஒலிபெருக்கியில் இசைப்பார்கள்.

அந்த முதல் பாதையைப் போட்ட தனியார் ரயில் நிறுவனத்தின் தலைமை அலுவலகம்தான் லாவாங் செவு. ‘ஆயிரம் கதவுகள்’ என்று பெயர். கதவுகள் ஆயிரம் இல்லை, ஆனால் கதவளவு உயரமான சன்னல்களையும் சேர்த்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1904-இல் தொடங்கி 1907-இல் முதன்மைக் கட்டடம் முடிந்தது. வெப்ப நாட்டில் மின்விசிறி இல்லாமல் நூற்றுக்கணக்கான எழுத்தர்கள் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக, அறைகளைச் சுற்றி நீண்ட தாழ்வாரங்கள், எதிரெதிர்க் கதவுகள், தரைக்கு அடியில் நீர் தேக்கிய நிலவறை என்று காற்றை எண்ணியே கட்டியிருக்கிறார்கள். படிக்கட்டின் மேலுள்ள பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை நிதானமாகப் பாருங்கள். ஜப்பானியர் காலத்தில் அந்த நிலவறை சிறையானது. 1945 அக்டோபர் 15 முதல் 19 வரை ஜப்பானியரோடு நடந்த ஐந்து நாள் சண்டையில், ரயில்வே இளைஞர்கள் பலர் இந்தக் கட்டடத்தைச் சுற்றி உயிரிழந்தார்கள். எதிரே உள்ள துகு மூடா தூண் அவர்களுக்கான நினைவுச் சின்னம். பேய்க் கதைகளைச் சொல்லிச் சிலர் அழைத்துப் போவார்கள். அந்த இளைஞர்களுக்கு அது மரியாதை அல்ல என்பது என் எண்ணம். அந்த அழைப்பை ஏற்காதீர்கள்.

தங்கள் தந்தை மேட்டுப்பாளையத்தில் இருந்தவர் என்பதால், அம்பாராவாவையும் சொல்லியாக வேண்டும். செமாராங்கிலிருந்து 40 கிலோமீட்டர்; பாவென் வரை சுங்கச்சாலை என்பதால் ஒரு மணி நேரம் போதும். 1873-இல் திறந்த நிலையம் இப்போது ரயில் அருங்காட்சியகம்; இருபதுக்கும் மேற்பட்ட நீராவி எஞ்சின்கள் திறந்தவெளியில் நிற்கின்றன. அங்கிருந்து பெடோனோ நோக்கி ஏறும் பாதையில், மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதையைப் போலவே, எஞ்சினின் பற்சக்கரம் பற்றி ஏறுவதற்கு நடுவில் பல்சட்டம் உண்டு. இன்னொரு சிறப்பு, அந்த நிலையத்தின் ஒரு பக்கம் 1435 மில்லிமீட்டர் பாதை வந்து நின்றது, மறுபக்கம் 1067 மில்லிமீட்டர் பாதை தொடங்கியது. பயணிகளும் சரக்கும் வண்டி மாறியே ஆக வேண்டும். பாதை மாற்றத்தின் தொல்லையை ஒரு நிலைய அதிகாரிக்கு விளக்க வேண்டியதில்லை.

துறைமுகவாசி

அம்பாராவா நல்ல யோசனை. ஒரே ஒரு நிபந்தனை: துறைமுக வாயிலிலிருந்து வண்டி காலை 9.15-க்குள் கிளம்பினால் மட்டும் போங்கள். அதற்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் அதை விட்டுவிட்டு நகரத்திலேயே இருங்கள். இந்த முடிவைக் கப்பலில் இருக்கும்போதே, அனைவரும் கூடி எடுத்துவிட வேண்டும். வாயிலில் நின்றுகொண்டு எடுக்கும் முடிவு எப்போதும் ‘போய்த்தான் பார்ப்போமே’ என்றுதான் முடியும்.

பெற்றோரின் விசாவையும் இப்போதே பாருங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு, இறங்கும் இடத்திலேயே பெறும் வருகை விசா உண்டு. கட்டணம் 5,00,000 ரூபியா. முன்கூட்டியே இணையத்திலும் எடுக்கலாம். கப்பல் பயணிகளுக்கு என்ன ஏற்பாடு என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கரைவழி

எல்லோருக்கும் நன்றி. குடும்பத்தில் பேசி முடிவெடுத்துவிட்டோம். போரோபுதூர் இந்த முறை இல்லை. 9.15-க்குள் கிளம்பினால் அம்பாராவா, பிறகு லாவாங் செவு, மூன்று மணிக்குக் கோத்தா லாமாவும் தாவாங் நிலையமும், நான்கு மணிக்குத் துறைமுகம். 9.15 தாண்டினால் நகரம் மட்டும். அறிவித்த நேரங்கள் உள்ளூர் நேரப்படியே என்று கப்பல் நிறுவனம் எழுதிவிட்டது. பெற்றோருக்கு விசா எடுத்தாயிற்று. ஏழு பேர் அமரும் வண்டி ஒன்றை, நாள் முழுவதற்கும் ஓட்டுநருடன் பேசி வைத்திருக்கிறேன்.

தூங்கானை

தங்கள் திட்டத்தில் சாம் போ கோங் இல்லாதது எனக்கு வருத்தமே. லாவாங் செவுவிலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இராது. ஒரு காலத்தில் கடற்கரையில் இருந்த அந்த இடம், ஆற்று வண்டல் படிந்து கரை வடக்கே தள்ளிப்போனதால், இன்று ஊருக்குள்ளே கிடக்கிறது. அப்படிக் கடல் விட்டுச்சென்ற அதே நிலத்தில்தான் இன்று கடல் திரும்ப ஏறி வருகிறது. துறைமுகத்தில் இறங்கி அந்தக் குகைக்குப் போனால், அந்த ஊரின் ஆறு நூற்றாண்டுகளையும் ஒரே கோட்டில் பார்த்தவர் ஆவீர்கள். ரயில் வரலாறு முக்கியம்தான். ஆனால் உங்கள் மகளுக்கும் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

கரைவழி

ஊர் திரும்பிவிட்டோம். கேட்டு எழுதியவர்களுக்கு நடந்ததைச் சொல்வது கடமை.

கப்பல் சரியான நேரத்துக்கு வந்தது. ஆனால் ஆவணச் சரிபார்ப்பு நீண்டு, வாயிலில் வண்டி ஏறும்போது மணி 9.50. எனக்கு மனம் ஊசலாடியது. ஓட்டுநரும் ‘போய்விடலாம்’ என்றார். அப்பாதான், ‘நேரம் தவறிய வண்டியை முன்னால் விட முடியாது, இது நாம் முன்பே பேசிய முடிவு’ என்று சொல்லி முடித்துவிட்டார். அம்பாராவாவை விட்டுவிட்டு நேரே லாவாங் செவுவுக்குப் போனோம்.

ஒரு மணி நேரம் என்று எண்ணிய இடத்தில் அப்பா இரண்டேகால் மணி நேரம் இருந்தார். முற்றத்தில் ஒரு நீராவி எஞ்சினை நிறுத்தியிருக்கிறார்கள். அதைச் சுற்றி வந்து, சக்கரங்களை எண்ணி, இணைப்புத் தண்டுகளை மகளுக்கு விளக்கினார். பழைய டிக்கெட்டுகளையும் டிக்கெட்டில் தேதி குத்தும் கருவியையும் பார்த்தபோது, ‘நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதே போன்ற ஒன்றில்தான் தேதி அடித்தேன்’ என்றார். 34 ஆண்டுகள் அவர் என்ன செய்தார் என்பதை நான் அவரிடம் இவ்வளவு விவரமாக ஒருநாளும் கேட்டதில்லை. மீட்டர்பாதை ஐயா சொன்னது போலவே, எதிரெதிர்க் கதவுகளுக்கு நடுவே நின்றால் நண்பகலிலும் காற்று வந்தது.

தூங்கானை ஐயா, தங்கள் சொல்லைத் தட்டவில்லை. அப்பா அங்கே இருந்த நேரத்தில் அம்மா, மனைவி, மகள் மூவரும் அதே வண்டியில் சாம் போ கோங்குக்குப் போய்வந்தார்கள். காலிக் கல்வெட்டைப் பற்றி மகளிடம் முன்பே சொல்லியிருந்தேன். ‘தமிழ் எழுத்து எங்கே’ என்று அங்கே தேடினாளாம். அது கொழும்பில் இருக்கிறது என்று அம்மா நினைவூட்டியதும், அடுத்த விடுமுறைக்கு அங்கே போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

சாப்பாட்டில், செம்பருத்தி சகோதரி எழுதித் தந்த நான்கு சொற்களையும் அட்டையில் எழுதிக் காட்டினோம். சமையற்காரர் வெளியே வந்து தெம்பேயைத் தனி எண்ணெயில் பொரித்துத் தருவதாகச் சைகையால் சொல்லி, அப்படியே செய்தார். அம்மா இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

இரண்டு மணிக்குப் பெருமழை பிடித்தது. கோத்தா லாமாவில் நடக்க முடியவில்லை. தேவாலயத்தை வண்டியிலிருந்தபடியே பார்த்தோம். தாவாங் நிலையத்தின் முன்கூடத்தில் ஒதுங்கினோம். டிக்கெட் இல்லாமல் நடைமேடைக்குப் போக முடியாது என்பதால், அப்பா கூடத்து இருக்கையிலேயே அமர்ந்து, நேரப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 3.10 இருக்கும், ஒலிபெருக்கியில் அந்த மெட்டு தொடங்கியது. அப்பா தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், சட்டைப்பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து வண்டியின் பெயரையும் வந்த நேரத்தையும் எழுதினார். ‘இரண்டு நிமிடம் முன்னதாக’ என்றார். கடிகாரத்தில் ஒரு மணி நேரத்தைக் கழித்துத்தான் கணக்கிட்டிருக்கிறார். சிங்கப்பூர் நேரத்தை அவர் மாற்றவே இல்லை.

3.55-க்குத் துறைமுக வாயிலை அடைந்தோம். சாலையோரத்தில் கணுக்கால் அளவு நீர் நின்றது. அது மழைநீரா, கடல்நீரா என்று அப்பா ஓட்டுநரிடம் கேட்கச் சொன்னார். இரண்டும் என்றார் அவர்.